தீட்டும் தொற்றும்

பழுவூர் வரலாறு என்றால் பழுவேட்டரையர், ஆலந்துறையார் கோயில், கல்வெட்டு என்றுதான் எழுதுகிறார்கள். மாட்டுக் கொட்டடிக்கு வரலாறு எழுத யாரும் வருவதில்லை. கீழப்பழுவூர்ப் பக்கத்துச் சேரிகளில் எங்கள் மூத்தவர்களின் கழுத்திலும் முன்னங்கையிலும் வட்ட வட்டமாய்க் கிடந்த தழும்புகள் அந்தக் கொட்டடியில் எழுதப்பட்டவை.

படர்தாமரை, பேச்சில் படை. அதில் ஒருவகை மாட்டிலிருந்து வருவது. ட்ரைகோபைட்டான் வெருகோசம் என்ற பூஞ்சை, கன்றுக்குட்டியின் கண்ணைச் சுற்றியும் கழுத்திலும் சாம்பல் நிறப் பொருக்காகத் திட்டுப்படும். உதிர்ந்த பொருக்கு கயிற்றிலும் தூணிலும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கன்றைப் பிடித்துக் கட்டுகிறவன், குளிப்பாட்டுகிறவன், கொட்டடி கூட்டுகிறவள் மேல் ஏறும். பண்ணையில் இந்த வேலையெல்லாம் செய்தது யார்? எங்க ஆயா ஒரே வரியில சொல்லும்: "மாடு அவங்களுது, பாலு அவங்களுது, படை மட்டும் நம்மளுது."

தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்பே தீண்டாமைக்கு இடம் அளந்து கொடுத்தாயிற்று. அதற்குச் சிலர் இன்றும் 'சுகாதாரம்' என்று காரணம் சொல்கிறார்கள். தொற்றுக்குப் பயந்து ஒதுக்கினார்களாம். சரி, கணக்குப் பார்ப்போம்.

தலையில் வரும் பொருக்குப் புண்ணுக்குப் பூஞ்சையே காரணம், அது தொற்றக்கூடியது என்று பாரிஸில் டேவிட் க்ரூபி காட்டியது 1841இல். சேரியைப் பிரித்தவனுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்திருந்தால் அவன் முதலில் ஒதுக்கியிருக்க வேண்டியது தன் கன்றுக்குட்டியை. மாட்டுப்படை போனது பண்ணைக் கொட்டடியிலிருந்து சேரிக்கு. அதே மாட்டின் சாணத்தைக் கரைத்து வாசல் தெளித்தார்கள்; கோமியத்தால் தீட்டுக் கழித்தார்கள்; அள்ளிக் கொடுத்த கை மட்டும் வாசலுக்கு வெளியே நின்றது. தொற்றுக்குத் தோல் போதும். தீட்டுக்குப் பிறப்பு வேண்டும்.

படை வந்த ஏழை உடம்பை அதிகாரம் எப்படிக் கையாளும் என்பதற்கு வெளியிலும் சாட்சி உண்டு. இஸ்ரேலில் 1948க்குப் பிறகு, வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மத்தியக் கிழக்கிலிருந்தும் குடியேறிய ஆயிரக்கணக்கான யூதக் குழந்தைகளின் தலைப்படைக்கு எக்ஸ்ரே கதிர் பாய்ச்சினார்கள். அன்று பல நாடுகளில் ஏற்கப்பட்ட சிகிச்சைதான். ஆனால் அந்தக் குழந்தைகளுக்குப் பின்னாளில் மூளைக்கட்டியும் தைராய்டு புற்றுநோயும் கூடுதலாக வந்தன. நட்டஈட்டுச் சட்டம் வந்தது 1994இல். இடையில், 1950களின் இறுதியிலேயே க்ரிசியோபுல்வின் மாத்திரை வந்து கதிரைத் தேவையற்றதாக்கிவிட்டது.

இன்று ஏர்மாடு போய் டிராக்டர் வந்துவிட்டது, படை போகவில்லை. இப்போது பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்குத்தான் பரவுகிறது. 2020இல் ட்ரைகோபைட்டான் இண்டோடினியே என்று பெயரிடப்பட்ட வகை டெர்பினாபின் மாத்திரைக்குப் பல நேரம் அடங்குவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனா ஒருநாள் கூலி போச்சு என்று மெடிக்கலில் களிம்பு வாங்குகிறோம். அதில் கலந்துள்ள ஸ்டீராய்டு அரிப்பை அடக்கும்; படையை உள்ளே வளர்க்கும். மருத்துவர் சீட்டில்லாமல் பல ஸ்டீராய்டு களிம்புகளை விற்கக்கூடாதென 2018இல் மத்திய அரசு அறிவித்தது. கடைக்காரர் இன்னும் சீட்டுக் கேட்பதில்லை.

தோழர்கள் ஊரில் முகாம் போடும்போது தோல் மருத்துவரோடு கால்நடை மருத்துவரையும் கூட்டி வாருங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் மருந்து கொடுத்தால் தீராது. எல்லாரையும் பார்க்க வேண்டும், கன்றையும் பார்க்க வேண்டும். படையை மறைத்து வைக்கச் சொல்லிக்கொடுத்தது தீட்டு. அதைத் துணி விலக்கிக் காட்டச் சொல்வது நம் வேலை.