நீலகண்ட சோமயாஜியும் சூரியனும்

சூரியனை நடுவில் வைத்தது யார் என்று கேட்டால் பள்ளிப் பிள்ளைகூட கோபர்நிகஸ் என்று சொல்லிவிடும். அவருடைய நூல் 1543-ல் அச்சேறியது. அவருக்குப் போட்டியாக நாம் ஆரியபட்டரை நிறுத்துவது வழக்கம். ஆனால் 499-ஐ ஒட்டி எழுதிய ஆரியபட்டீயத்தில் அவர் சொன்னது, பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்பதுதான். படகில் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கி ஓடுவது போலத் தெரியுமே, அதைத்தான் உதாரணம் காட்டினார். பூமி சூரியனைச் சுற்றுவதாக அவர் எங்கும் எழுதவில்லை. இல்லாததை ஏற்றிச் சொல்லி அவருக்குப் பெருமை சேர்க்க வேண்டியதும் இல்லை.

அந்தத் திசையில் உண்மையிலேயே ஓர் அடி எடுத்து வைத்தவர், கேரளத்தில் திரூர் அருகே திருக்கண்டியூரில் 1444-ல் பிறந்த நீலகண்ட சோமயாஜி. 1500-ல் அவர் எழுதிய ‘தந்திரசங்கிரகம்’ 432 சுலோகங்கள் கொண்டது.

அவருக்குத் தொல்லை கொடுத்தவை புதனும் வெள்ளியும். புதன் சூரியனை விட்டு 28 பாகைக்கு மேல் விலகாது. பாப்பாரப்பட்டியில் மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் பொழுது சாய்ந்த கொஞ்ச நேரம், இல்லையென்றால் விடிவதற்குச் சற்று முன்பு, அவ்வளவுதான். நடு இரவில் ஒருநாளும் தெரியாது.

பழைய கணக்கில் கிரகங்களுக்கு மந்தம், சீக்கிரம் என இரண்டு திருத்தங்கள் உண்டு. மந்தம் என்பது கிரகம் தன் பாதையில் ஒரு சமயம் வேகமாகவும் ஒரு சமயம் மெதுவாகவும் போவதற்கானது. செவ்வாய், வியாழன், சனிக்கு அதைச் சரியாகவே போட்டார்கள். புதன், வெள்ளிக்கு மட்டும் சூரியனின் சராசரி இடத்தில் போட்டார்கள். பேரேட்டில் ஒருவர் பற்றை இன்னொருவர் கணக்கில் எழுதிய கதைதான்! நூற்றாண்டுக் கணக்கில் யாரும் அதை மாற்றவில்லை. நீலகண்டர்தான் அந்தத் திருத்தத்தை அந்தந்தக் கிரகத்தின் சொந்த ஓட்டத்துக்கு மாற்றினார். புதன், வெள்ளியின் வட்டத்துக்குள் பூமி இல்லை என்று ஆரியபட்டீய உரையிலும் எழுதினார். ஐந்து கிரகங்களும் சூரியனைச் சுற்றுகின்றன, சூரியன் அவற்றோடு பூமியைச் சுற்றுகிறது என்பதே அவர் காட்டிய அமைப்பு.

ஆக, பூமி நடுவிலேயேதான் இருந்தது. இதைக் கோபர்நிகஸின் கொள்கை என்று சொன்னால் தவறு. 1588-ல் டைக்கோ பிராஹே வெளியிட்ட அமைப்புக்கு மிக நெருக்கமானது என்றால் சரி. ஆனால் புதனின் மந்தத் திருத்தத்தில் ஐரோப்பா சரியான வழிக்கு வந்தது கெப்ளர் காலத்தில்தான்.

இந்தத் துணிச்சலுக்குப் பின்னால் ஒரு பழக்கம் இருந்தது. அவருடைய குரு தாமோதரரின் தந்தை பரமேஸ்வரர் 55 வருடம் கிரகணங்களையும் கிரகங்களையும் பார்த்துக் குறித்தவர். ஏட்டுக் கணக்கும் வானமும் ஒத்துப்போகாவிட்டால் திருத்த வேண்டியது கணக்கைத்தான் என்று ‘ஜோதிர்மீமாம்சை’யில் நீலகண்டர் வாதாடுகிறார். முன்னோர் எழுதியதை மாற்றலாமா என்று தயங்கியவர்களுக்கு அதுவே அவர் பதில்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. நம் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கு அடிப்படையான ‘வாக்கியகரணம்’ நூலுக்கு உரை எழுதிய சுந்தரராஜர் இவர் காலத்தவர். தமக்கிருந்த சந்தேகங்களை அவர் நீலகண்டருக்குக் கேள்விகளாக அனுப்பினார். நீலகண்டரும் பதில் எழுதினார். அந்தக் கேள்வி-பதில் நூலின் பெயர் மட்டும்தான் நமக்குக் கிடைத்திருக்கிறது.