இதய மேலறைத் துளை அடைப்பு, வடிகுழாய் வழி

இதய மேலறைகளுக்கு இடையிலுள்ள சுவரில் பிறவியிலேயே அமைந்த துளையை, நெஞ்சைப் பிளக்காமல், தொடைச் சிரை வழியே செலுத்தும் குழாயால் மூடும் மருத்துவம். பேச்சுவழக்கில் ‘ஓட்டைக்கு டிவைஸ் வைப்பது’. சுவரின் நடுவே, போதிய விளிம்புள்ள துளைகளுக்கே இது பொருந்தும். மற்றவற்றுக்கு இன்றும் அறுவைதான்.

அறுவையில் யார் முந்தியவர் என்பது கணக்கிடும் விதத்தைப் பொறுத்தது. பாஸ்டனின் ராபர்ட் கிராஸ், 1952இல் உடலைக் குளிர்வித்து அறுத்த மின்னசோட்டாவின் ஜான் லூயிஸ், 1953இல் இதய-நுரையீரல் எந்திரத்தைப் பயன்படுத்திய ஜான் கிப்பன் ஆகிய மூவரையும் நூல்கள் குறிப்பிடுகின்றன. இந்தியாவில் இத்தகைய உரிமைப் பேச்சு மும்பைக்கும் வேலூருக்கும் இடையே உண்டு.

வடிகுழாய் முறை நியூ ஆர்லியன்ஸில் பிறந்தது. குழந்தை இதய மருத்துவர் டெரி கிங்கும் அறுவை மருத்துவர் நோயல் மில்சும் (தம் கத்திக்கே வேலை குறையுமென்று தெரிந்தும் இவர் துணைநின்றார்) துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளில் டாக்ரான் துணி போர்த்திய இரு சிறு குடைகளைச் செய்தனர். ஒரு குடை இடது மேலறையில் விரியும், மற்றது வலதில். இரண்டும் சுவரை நடுவில் வைத்துப் பூட்டிக்கொள்ளும். நாய்களில் சோதித்த பின், 1975 ஏப்ரலில் 17 வயதுப் பெண்ணுக்கு இதைப் பொருத்தினர். 1976இல் கட்டுரை வெளியானது. குழாயின் குறுக்களவு ஏறத்தாழ 8 மி.மீ. என்பதால் குழந்தைகளின் சிரைக்கு அது ஒவ்வவில்லை. துளை வெற்றிகரமாக மூடப்பட்டவர்கள் ஐவரே. ஆனால் அந்தக் குடைகள் 27 ஆண்டுகளுக்குப் பின்னும் இருந்த இடத்திலேயே இருந்தது பதிவாகியுள்ளது.

அடுத்த இருபதாண்டில் ராஷ்கைண்டின் கொக்கிக் கருவி, லாக்கின் சிப்பிவடிவக் கருவி, சிடெரிஸின் பொத்தான் கருவி எனப் பல வந்து போயின.

கர்ட் ஆம்ப்ளாட்ஸின் நிக்கல்-டைட்டானியக் கம்பிவலை 1990களின் நடுவில் நிலைமையை மாற்றியது. மெல்லிய குழாயில் நீண்டு சென்று, வெளியே வந்ததும் தன் வட்டவடிவத்தை அது மீட்டுக்கொள்ளும். 2001 டிசம்பரில் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தது. அரிதாக இது இதயச் சுவரை அரிப்பதுண்டு; அளவு பெரிதானதாலா, மகாதமனிப் பக்க விளிம்பு குறைவாலா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது.

திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உள்நாட்டுக் கருவி ஒன்றை உருவாக்கியது. தமிழகத்தில் 2012 முதல் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் இத்தகைய இதயச் சிகிச்சைகளின் செலவை ஏற்கிறது. செங்கல்பட்டு மாவட்டத்தின் மாமல்லபுரம் கடலோரப் பகுதிகளில் அங்கன்வாடி, பள்ளிப் பரிசோதனையில் இதயத்தில் முணுமுணுப்பொலி கேட்டு எக்கோ எனும் இதய ஒலியலைப் பரிசோதனைக்கு அனுப்பப்படும் பிள்ளைகள், மேல்சிகிச்சைக்குப் பெரும்பாலும் சென்னைக்கே செல்கின்றனர்.