ஆடு படியேறி வந்த வீடுகள்: மால்டாவும் பச்சைப்பாலும்

கொஞ்ச நாளைக்கு முன்னம் எங்கட வட்சப் குழு ஒன்றில் ஒரு வீடியோ வந்தது. அமெரிக்கப் பண்ணை ஒன்றில் ஒருவர் மாட்டடியில் குந்தியிருந்து பால் கறந்து, நுரையோடு அப்படியே குடிக்கிறார். குடித்துவிட்டு, சூடாக்கிய பால் எல்லாம் 'செத்த பால்' என்கிறார். கீழே எங்கட ஆட்களுக்குள் சண்டை. ஒரு நண்பன் எழுதினான்: "எங்கட அம்மம்மா காலத்தில எல்லாரும் பச்சைப்பால்தான் குடிச்சவை, அவைக்கு என்ன நடந்தது?"

எனக்கு அது இடித்தது. ஏனெண்டால் என்ர அம்மம்மா பாலைப் பொங்க விடாமல் ஒருவருக்கும் குடுத்ததை நான் கண்டதில்லை. அடுப்படியை விட்டு அசையாமல் நிண்டு, பால் விளிம்பு வரைக்கும் எழும்பின பிறகுதான் இறக்குவா. கிருமி எண்ட சொல்லை அவ பாவிச்சதும் இல்லை. ஆனால் 'பழைய ஆட்கள் எல்லாரும் பச்சைப்பால் குடித்தார்கள்' என்ற கதை முழுப் பொய்யும் இல்லை. உண்மையாகவே ஒரு தீவு முழுக்கக் குடித்தது. அவர்களுக்கு என்ன நடந்தது என்பதும் பதிவில் இருக்கிறது.

அந்தத் தீவு மால்டா. மத்தியதரைக் கடலில், சிசிலிக்குத் தெற்கே இருக்கிற சின்னப் பாறைத்தீவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து, எங்களைப் போலவே, பிரித்தானியர் கையில் இருந்தது. மாடு மேய்க்கப் புல்வெளி இல்லை. ஆகவே பால் என்றால் ஆட்டுப்பால். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் சனத்துக்கு சுமார் 20,000 ஆடுகள் இருந்தன. காலையில் ஆட்டுக்காரர் மந்தையோடு தெருவுக்கு வருவார். வீட்டுக்காரர் பாத்திரத்தோடு வாசலுக்கு வர, கண் முன்னால் கறந்து குடுப்பார். மாடிவீடு என்றால் ஆடு படியேறிப் போகும். தண்ணி கலக்க முடியாது, நேற்றைய பாலை இன்றைக்கு விற்க முடியாது. வாங்குகிறவருக்கு இதைவிட நம்பிக்கையான ஏற்பாடு வேற இருக்குமா?

அதே தீவில் ஒரு காய்ச்சலும் இருந்தது. ஏறும், இறங்கும், திரும்ப ஏறும். இரவில் உடுப்பு நனைகிற அளவுக்கு வியர்வை, மூட்டு மூட்டாக நோ, பிறகு மாசக்கணக்கில் எழும்ப முடியாத களைப்பு. இதில் செத்தவர்கள் குறைவு. ஆனால் வந்தவர் லேசில் தப்பவும் முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இரண்டு, மூன்று மாசம் கிடப்பது சாதாரணம். இராணுவ வைத்தியரான ஜெஃப்ரி மார்ஸ்டன் 1860களின் தொடக்கத்தில் இதை விபரமாக எழுதினார். அவருக்கே அது வந்து, தன் உடம்பில் கண்டதையும் சேர்த்து எழுதினார். உலகம் அதை 'மால்டாக் காய்ச்சல்' என்றது. ஒரு நாட்டின் பேரை நோய்க்கு வைத்தால் அந்த நாட்டுச் சனத்துக்கு எப்படி இருக்கும் எண்டு பேர் வைத்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

காய்ச்சலுக்குக் காரணம் என்ன என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். துறைமுகத்தின் கழிவு நாற்றம், கெட்ட காற்று, தெருப் புழுதி, நுளம்பு. பாலை ஒருவரும் நினைக்கவில்லை.

1884 இல் டேவிட் புரூஸ் என்ற இராணுவ வைத்தியர் மனைவி மேரியோடு மால்டாவுக்கு வந்தார். மேரிதான் அவருடைய ஆய்வுகூட உதவியாளரும். 1887 இல், செத்துப்போன படைவீரர்களின் மண்ணீரலிலிருந்து ஒரு நுண்ணிய பற்றீரியாவைப் பிரித்தெடுத்துவிட்டதாக புரூஸ் அறிவித்தார். அதை வளர்த்தெடுக்க உதவியவர் கருவானா சிக்லூனா என்ற மால்டா வைத்தியர். பிற்காலத்தில் அந்தப் பற்றீரியாவுக்கு 'புருசெல்லா' என்று பேர் வைத்தார்கள். சிக்லூனாவின் பேரில் ஒன்றும் இல்லை. இப்படியான கதைகள் எங்களுக்குப் புதுசும் இல்லை.

கிருமி கிடைத்துவிட்டது. ஆனால் அது எப்படி மனிசருக்குள் போகிறது? அதைக் கண்டுபிடிக்க இன்னும் பதினெட்டு வருசம் போனது. 1904 இல் லண்டன் ரோயல் சொசைற்றி ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. தலைவர் புரூஸ். உறுப்பினர்களில் ஒருவர் தெமிஸ்தொக்லெஸ் சமித் என்ற மால்டா வைத்தியர். அவருக்குப் பரிசோதனைக்கு மிருகம் தேவைப்பட்டது. குரங்கு விலை கூட, ஆடு மலிவு. ஆட்டுக்கு இந்த நோய் பிடிக்காது எண்டுதான் அதுவரைக்கும் நினைத்திருந்தார்கள். 1905 யூன் மாதம், ஆடுகளுக்குக் கிருமியை ஏற்றுவதற்கு முன் வழமைப்படி அவற்றின் இரத்தத்தைச் சோதித்தார் சமித். அந்த நோய்க் கிருமியோடு இரத்தத்தின் தெளிநீரைக் கலந்தால், முன்பு தொற்று வந்த உடம்பின் நீர் என்றால் கிருமிகள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். ஒரு நோயும் இல்லாமல் துள்ளிக்கொண்டு நிண்ட அந்த ஆடுகளின் தெளிநீரில் கிருமிகள் திரண்டன.

கொஞ்ச நாளில் ஆணைக்குழுவின் இன்னொரு உறுப்பினர் ஹொரொக்ஸ் ஆட்டுப்பாலிலேயே கிருமியைக் கண்டார். பிறகு மந்தை மந்தையாகச் சோதித்தார்கள். ஏறக்குறைய பாதி ஆடுகளுக்குத் தொற்று வந்திருந்தது. பத்தில் ஒன்று பாலோடு கிருமியைக் கழித்துக்கொண்டிருந்தது. பால் வெள்ளையாக, மணமாக, புதுசாக இருந்தது. ஆடு கொழுகொழுவென்று இருந்தது. கண்ணுக்கு முன்னால் கறக்கிற ஏற்பாடு எந்த ஏமாற்றையெல்லாம் தடுத்ததோ, அந்த ஏமாற்று எதுவும் இங்கே நடக்கவில்லை. ஆனால் ஆபத்து பாலுக்குள் இருந்தது.

அதுவரைக்கும் விளங்காமல் இருந்த இரண்டு விசயம் இப்போது விளங்கின. முதலாவது, சாதாரணச் சிப்பாய்களைவிட அதிகாரிகளுக்கு இந்தக் காய்ச்சல் ஏறக்குறைய மூன்று மடங்கு கூடுதலாக வந்தது. அழுக்குத்தான் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்கவேணும்? காரணம் எளிது: அதிகாரிகளின் மேசையில் பால் கூட. இரண்டாவது, வேறு ஏதோ வருத்தத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் அங்கே வைத்து மால்டாக் காய்ச்சல் பிடித்துக்கொண்டார்கள். நோயாளி தேறவேணும் எண்டு அங்கே தாராளமாகப் பால் குடுத்தார்கள். அந்தப் பாலில்தான் நோய் இருந்தது. இந்த இடத்தை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

இதே 1905 இல் ஒரு கப்பலிலும் விசயம் நடந்தது. அமெரிக்காவுக்காக வாங்கிய அறுபதுக்கு மேற்பட்ட மால்டா ஆடுகளை ஏற்றிக்கொண்டு 'ஜோஷுவா நிக்கல்சன்' என்ற கப்பல் புறப்பட்டது. நல்ல பாலாடுகள். மாலுமிகள் வழி நெடுகப் பால் குடித்தார்கள். பிறகு அவர்களில் பலர் காய்ச்சலில் விழுந்தார்கள். நடுக்கடலில் துறைமுக நாற்றமும் இல்லை, தெருப்புழுதியும் இல்லை.

1906 இல் இராணுவமும் கடற்படையும் ஆட்டுப்பாலை நிறுத்தின. பதிலுக்கு ரின்பால் வந்தது. 1905 இல் 600ஐத் தாண்டியிருந்த இராணுவ நோயாளர் தொகை, 1907 இல் பத்துப் பதினைந்துக்குள் அடங்கிவிட்டது. வைத்திய வரலாற்றில் இவ்வளவு சுத்தமான வெற்றிகள் கனக்க இல்லை.

ஆனால் அது படைமுகாமின் வெற்றி. மதிலுக்கு வெளியே, தீவின் சனத்துக்கு, வருசா வருசம் நூற்றுக்கணக்கில் காய்ச்சல் வந்துகொண்டே இருந்தது. கண்டுபிடித்தவரோ அந்தத் தீவைச் சேர்ந்தவர். 'பாலைக் கொதிக்க வையுங்கள்' என்ற அறிவுரை சனத்துக்கும் போகாமல் இல்லை. அப்ப ஏன் கேட்கவில்லை?

'அறியாமை' என்று எழுதிவிட்டுப் போவது சுகம். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் சனத்தின் இடத்தில் நிண்டு பாருங்கோ. படைவீரனுக்குப் பால் நிறுத்தினால் அரசாங்கம் ரின்பால் குடுக்கும். வலெற்றாவின் ஏழைக் குடும்பத்துக்கு யார் குடுப்பது? மரம் மிகக் குறைந்த பாறைத்தீவில் விறகு சும்மா கிடைக்கிற பொருளில்லை, ஒவ்வொரு நாளும் பால் காய்ச்ச எரிபொருள் வேணும். ஆட்டுக்காரருக்கு ஆடுகள்தான் முழுச் சொத்து. துள்ளித் திரிகிற ஆட்டைக் காட்டி 'இது நோயாளி' என்று, அதுவும் ஆட்சி செய்கிற வெள்ளைக்காரரின் சார்பில் ஒருவர் வந்து சொன்னால் எவர் லேசில் நம்புவார்? அதோடு சின்ன வயசிலிருந்து அந்தப் பாலையே குடித்து ஒன்றும் நடக்காத ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். பத்தில் ஒரு ஆடு என்றால், மிச்சம் ஒன்பது ஆட்டின் பாலைக் குடித்தவர்கள் 'எனக்கு ஒண்டும் நடக்கேல்லை' எண்டு சாட்சி சொல்வார்கள்தானே. எங்கட வட்சப் குழுவிலும் நடப்பது இதேதான்.

வீட்டில் கொதிக்க வைப்பதை ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் போடாமல், பால் விற்பனைக்கு வருமுன்னமே ஒரே இடத்தில் செய்வதுதான் பாச்சராக்கம். லூயி பாச்சர் இதை 1860களில் வைனுக்காகச் செய்தார், பாலுக்கு வந்தது பிறகுதான். 63 பாகை செல்சியஸில் அரை மணித்தியாலம், அல்லது 72 பாகையில் 15 விநாடி. கொதிநிலைக்குக் கூடப் போவதில்லை. புருசெல்லா, காசநோய்க் கிருமி எல்லாம் அதிலேயே செத்துவிடும். புரதமும் கல்சியமும் ஏறக்குறைய அப்படியே இருக்கும். விற்றமின் சி கொஞ்சம் குறையும், ஆனால் விற்றமின் சிக்காக ஒருவரும் பால் குடிப்பதில்லை.

எதிர்ப்பு மால்டாவில் மட்டும் இருக்கவில்லை. அமெரிக்காவில் அலிஸ் எவன்ஸ் என்ற விஞ்ஞானி, கலாநிதிப் பட்டம் இல்லாதவர், விவசாயத் திணைக்களத்தின் பாற்பண்ணைப் பிரிவில் வேலை செய்தார். பசு மாட்டில் கருச்சிதைவு உண்டாக்கும் பற்றீரியாவும் மால்டா ஆட்டின் பற்றீரியாவும் நெருங்கிய சொந்தம் என்று 1917 இல் சொன்னார். அப்படியென்றால் அமெரிக்கப் பசுப்பாலும் பச்சையாகக் குடிக்க ஏற்றதல்ல. பெரிய பெரிய ஆட்கள் நம்பவில்லை. இவ்வளவு கிட்டின சொந்தம் என்றால் மற்ற நிபுணர் ஒருவரும் ஏன் காணவில்லை என்று கேட்டார்கள். அந்தத் துறையின் மிகப்பெரிய பேரான தியபோல்ட் ஸ்மித்தும் எதிர்த்தார். பெண் ஒருத்தி சொல்கிற விஞ்ஞானக் கருத்தைக் காதில் எடுத்துப் பழக்கமில்லாதவர் அவர் என்ற பொருளில் எவன்ஸ் தன் நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். 1922 இல் ஆய்வுகூடத்தில் அந்தக் கிருமி எவன்ஸையே பிடித்தது. ஏறக்குறைய இருபது வருசம் விட்டு விட்டு வாட்டியது. அதை நரம்புத்தளர்ச்சி, மனப்பிரமை என்று சொன்ன வைத்தியர்களும் இருந்தார்கள். 1920களில் மற்றவர்களும் அதே முடிவுக்கு வந்தபோது எவன்ஸ் சொன்னது நிலைத்தது. 1928 இல் அமெரிக்கப் பற்றீரியவியலாளர் சங்கத்தின் முதல் பெண் தலைவரும் ஆனார்.

பச்சைப்பால் பக்கத்தில் நிண்டவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை என்பதையும் சொல்லவேணும். நியூ ஜேர்சியின் ஹென்றி கொய்ற் என்ற வைத்தியர் 1893 முதல், மாட்டையும் தொழுவத்தையும் கறப்பவரையும் சோதித்துச் சான்றிதழோடு பால் விற்கிற முறையை உண்டாக்கினார். இந்தப் பக்கத்தின் வாதம் இதுதான்: சூடாக்கலாம் என்று விட்டால் பண்ணைக்காரன் தொழுவத்தைக் கழுவமாட்டான், ஊத்தைப் பாலையும் சூடாக்கி விற்பான். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவருடைய பால் விலை கூட, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் கட்டுப்படியாகும். 2011 இல் வந்த ஓர் ஐரோப்பிய ஆய்வு, பண்ணையில் காய்ச்சாத பால் குடிக்கிற பிள்ளைகளிடம் ஆஸ்துமா குறைவு என்று கண்டது. அதையே இப்போது எல்லாரும் பகிர்கிறார்கள். அதே ஆய்வாளர்கள், ஆபத்தான கிருமிகள் இருக்கலாம் என்பதால் பச்சைப்பாலைப் பரிந்துரைக்க முடியாது என்றும் எழுதினார்கள். அந்தப் பகுதியை ஒருவரும் பகிர்வதில்லை.

மால்டாவுக்கு வருவோம். சமித் பிறகு அகழ்வாராய்ச்சிக்குப் போனார். தார்ஷீன் கற்கோயில்களைத் தோண்டியெடுத்தவர் அவர்தான். மால்டாப் பல்கலைக்கழகத்துக்குத் தலைவராகவும் இருந்தார். 1930 இல் சேர் பட்டம் கிடைத்தது. 1935 இல் செத்துப்போனார். தீவின் பாலைச் சேர்த்து எடுத்துப் பாச்சராக்கம் செய்கிற பொதுநிலையம் வந்தது 1938 இல். படைமுகாமின் கோப்பையில் ஆட்டுப்பால் நிண்டு அப்போது 32 வருசம். தெருவில் ஆட்டு மந்தை வருவதும் கொஞ்சம் கொஞ்சமாக நிண்டது. ஆனால் உள்ளூரின் சின்ன வட்டப் பாற்கட்டி, 'ஜ்பெய்னா' என்பார்கள், அதைப் பச்சைப்பாலில் செய்கிற வழக்கம் சில இடங்களில் இருந்தது. 1995 இல் அதைச் சாப்பிட்டு நூற்றுக்கு மேற்பட்டவர்களுக்கு அதே பழைய காய்ச்சல் வந்தது.

இதையெல்லாம் சுருக்கிக் குழுவில் போட்டேன். நண்பன் ஒரு கட்டைவிரலை மட்டும் போட்டான். பிறகு தனியாக ஒரு மெசேஜ்: "மச்சான், அம்மம்மாவிட்டக் கேட்டனான். காய்ச்சாமல் குடிக்கிறதோ, ஆர் சொன்னது எண்டு பேசுறா."