இடைக்கால ஆடைக் கரையை மீட்டுருவாக்கல்: அட்டை நெசவும் கோர்வை நெசவும்

முன்னுரை

ஆடையின் விளிம்பு அழகுக்கூறு மட்டுமன்று. நெசவுத் தொழில்நுட்பத்தின் சான்றுமாகும். ஐரோப்பிய இடைக்கால விளிம்புப் பட்டைகள் இன்று அட்டை நெசவு முறையில் மீண்டும் நெய்யப்படுகின்றன. அத்தகைய மீட்டுருவாக்கம் உறையூர், திருவரங்கப் பகுதியின் ஆடை வரலாற்றுக்கு எவ்வகையில் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

அட்டை நெசவின் சான்றுகள்

நான்கு துளையிட்ட சிறு அட்டைகளில் பாவு நூல்களைக் கோத்து, அட்டைகளைச் சுழற்றி ஊடை செலுத்துவதே அட்டை நெசவு. நார்வேயின் ஓசபெர்க் கப்பற் புதையலில் (கி.பி. 834) 52 அட்டைகள் பாவு நூலுடன் கிடைத்தன. சுவீடனின் பீர்காக் கல்லறைகளில் பொன், வெள்ளி இழைப் பட்டைகள் கிடைத்தன. கருவியும் துணியும் எஞ்சியிருப்பதால் அங்கு மீட்டுருவாக்கத்தைச் சரிபார்க்க இயலுகிறது.

உறையூர், திருவரங்கச் சான்றுகள்

கி.பி. முதல் நூற்றாண்டின் பெரிப்ளூஸ் நூல் ‘அர்கரு’ என்னும் ஊரின் மெல்லிய துணிகளைக் குறிப்பிடுகிறது. அறிஞர் பலர் அவ்வூரை உறையூராகக் கொள்வர். 1960களில் சென்னைப் பல்கலைக்கழகம் நிகழ்த்திய உறையூர் அகழாய்வில் செங்கற் சாயத்தொட்டி வெளிப்பட்டது. சோழர் கல்வெட்டுகள் ‘தறி இறை’யைச் சுட்டுகின்றன. திருவரங்கம் சேஷராயர் மண்டபச் சிற்பங்கள் 16ஆம் நூற்றாண்டு ஆடை வடிவங்களைக் காட்டுகின்றன. எனினும், கல் கரையின் இடத்தையும் வடிவத்தையும் மட்டுமே காட்டும். நூல்கள் பின்னிய முறையைக் காட்டாது. ஆகவே சிற்பக் கோலத்தை மட்டும் கொண்டு அட்டையில் ஒரு பட்டையை நெய்து, அதனை இடைக்காலத் தமிழக விளிம்பு எனல் பொருந்தாது.

ஒரே சிக்கல், இரு தீர்வுகள்

கரையின் நிறம் கலப்பின்றி விளங்க வேண்டும் என்பதே இரு மரபினரும் எதிர்கொண்ட சிக்கல். அட்டை நெசவில் பாவு ஊடையை மறைத்துவிடுவதால் நிறம் தூய்மையாக நிற்கிறது. ஆனால் பட்டை தனியே நெய்யப்பட்டு ஆடையில் தைக்கப்படுகிறது. தைக்கப்படாத சேலையிலோ கரை ஆடையுடன் ஒன்றாக நெய்யப்படுகிறது. ஒரே ஊடை முழு அகலத்திலும் ஓடினால் உடலின் நிறம் கரையில் கலக்கும். இதனைத் தவிர்ப்பதே காஞ்சிபுரத்தில் வழங்கும் கோர்வை முறை. உடலுக்கு ஒன்று, கரைகளுக்கு இரண்டு என மூன்று நாடாக்கள் ஓடும். உடல் ஊடையும் கரை ஊடையும் சந்திப்பில் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும். மரபுவழித் தறியில் இதற்கு நெசவாளருடன் ஓர் உதவியாளரும் தேவை.

முடிவுரை

எனவே தமிழக ஆடை விளிம்பை மீட்டுருவாக்கும் ஆய்வு, பட்டையையன்றி இணைப்பையே முதன்மையாகக் கொள்ளுதல் வேண்டும். கோர்வையின் தொன்மையைக் கல்வெட்டும் சிற்பமும் தாமே நிறுவா. ஆயினும் அவற்றோடு ஒப்பிடத்தக்க இணைப்பு முறை இன்றும் தறியில் உள்ளது. நாடாவை எதிரேற்கும் உதவியாளரின் கைத்திறன் ஏட்டில் இல்லை. அது மறையுமுன் தறியருகே பதிவுசெய்யப்படாவிடின், பிற்கால ஆய்வாளருக்குக் கல்லில் உள்ள கோலம் மட்டுமே எஞ்சும்.