கொங்குக் கல்வெட்டு மேற்கோள்களும் கூட்டாய்வும்

கொங்கு நாட்டு வரலாற்றிற்குக் கல்வெட்டுக்களே தலையாய சான்றுகள். அவற்றை மேற்கோளாக ஆளும் முறையில் ஒருமை இன்மையால், அறிஞர் இருவர் கூடி ஒரு கட்டுரை வரையுங்கால் நேரும் இடர் சிறிதன்று.

ஒரே கல்வெட்டு எண் பல தாங்கி நிற்பதே இவ்விடருக்கு முதற்காரணம். 1887 முதலான கல்வெட்டு ஆண்டறிக்கைகளில் எண்கள் ஆண்டுதோறும் புதிதாகத் தொடங்கும். 1890-இல் முதல் தொகுதி வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டு வரிசையிலோ, அக்கல்வெட்டே தொகுதிக்குரிய வேறோர் எண் பெறும். 1919-இல் வெளிவந்த வி. ரங்காசாரியாரின் இடவாரிப் பட்டியல் மாவட்ட அடிப்படையில் மூன்றாவதோர் எண் தரும். மாவட்டப் பெயரும் நிலையானதன்று. பழைய அறிக்கைகளில் கோயமுத்தூர் மாவட்டத்தனவாகக் குறிக்கப்பெற்ற விசயமங்கலமும் அவிநாசியும், 1979-இல் ஈரோடு மாவட்டமும் 2009-இல் திருப்பூர் மாவட்டமும் அமைந்தபின், முறையே அவற்றுள் அடங்கின. ஆகவே ஒருவர் அறிக்கை எண்ணையும் மற்றவர் தொகுதி எண்ணையும் குறிப்பின், ஒரு கல்வெட்டே இரண்டாக எண்ணப்படும்.

அரசர் பெயரால் நேரும் மயக்கம் இதனினும் பெரிது. தஞ்சைச் சோழர் மரபில் வீரராசேந்திரன் 1063 முதல் 1070 வரை ஆண்டான். அப்பெயருடைய கொங்குச் சோழனோ 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதியினன், நெடுங்காலம் ஆண்டவன். வீரராசேந்திரனது 15-ஆம் ஆட்சியாண்டு எனக் காணின், அது கொங்கு மன்னனையே குறிக்கும் எனத் தெளியலாம். ஆட்சியாண்டு விடுபடின் அத்தெளிவு இல்லை. ஒன்றரை நூற்றாண்டு பிறழும்.

இக்காலத்தே மேற்கோள்களைக் கணிப்பொறியில் தொகுக்கும் மென்பொருள்கள் பல உள. ஒருவர் 2006-இல் வெளிவந்த சோட்டெரோவையும், மற்றவர் எண்ட்நோட்டையும் கையாளுதல் இயல்பு. ஆர்.ஐ.எஸ். அல்லது பிப்டெக் வடிவக் கோப்பின் வழியே ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குக் குறிப்புக்களை மாற்றலாம். ஆயின் அவ்வடிவங்கள் நூலுக்கும் இதழ்க் கட்டுரைக்கும் உரியனவாக வகுக்கப்பெற்றவை. அரசன் பெயருக்கும் ஆட்சியாண்டிற்கும் அவற்றில் தனியிடம் இல்லை. அவற்றிற்கென ஒருவர் தாமே வகுத்துக்கொண்ட இடத்தில் எழுதியவை மாற்றத்தின்போது உதிர்தலும், குறிப்புப் பகுதியில் ஒதுங்குதலும் உண்டு.

இதற்கு எளிய வழி ஒன்றுண்டு. ஊர், கோயில், மரபுப் பெயருடன் கூடிய அரசன் பெயர், ஆட்சியாண்டு, அறிக்கை ஆண்டும் எண்ணும் ஆகியவற்றை ஒரே வரிசையில் தலைப்புப் பகுதியிலேயே எழுதிவிடல் வேண்டும். தலைப்பு எம்மென்பொருளிலும் உள்ளதாகலின் மாற்றத்தில் அழியாது. பிற எண்களை ஒப்பீட்டு அட்டவணையாகத் தனியே தொகுத்துக் கட்டுரையாளர் இருவரும் வைத்துக்கொள்ளல் நன்று. கட்டுரையை அச்சிற்கு அனுப்புமுன் மேற்கோள் ஒவ்வொன்றையும் மூல அறிக்கையோடு ஒப்பிடும் கடமை இருவர்க்கும் பொது. கொங்குச் சோழரது காலவரையறை ஆட்சியாண்டுகளையே பற்றி நிற்பதாகலின், இஃது அச்சு ஒழுங்கு பற்றிய சிறுபணி அன்று. வரலாற்று முடிபையே காக்கும் பணியாம்.