அஞ்சடியிலிருந்து ஆற்றங்கரைக்கு: தெருவில் போட்ட மேசையின் கதை

எளாவூர் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் டீக்கடை வைத்திருப்பவருக்கு, கடைக்கு வெளியே உட்கார இடம் போடுவது ஒரு பெரிய விஷயமே இல்லை. இரண்டு பெஞ்ச், மேலே ஒரு தார்ப்பாய், ஓரமாக ஒரு தண்ணீர் டிரம். முடிந்தது வேலை. ஆனால் அதே பெஞ்சை ஒரு பெருநகரத்தின் நடுவில், மக்கள் நடப்பதற்கென்றே ஒதுக்கிய தெருவில் போட்டுப் பாருங்கள்! கட்டடக் கலைஞர் வருவார், மாநகராட்சி வரும், போலீஸ் வரும், பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவார். ஏனென்றால் அங்கே ஒரே துண்டு நிலத்துக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடுகிறார்கள். ஒருவர் நடப்பவர், இன்னொருவர் உட்காருபவர்.

இந்தச் சண்டையை ஏறக்குறைய இருநூறு வருடமாக விடாமல் நடத்தி, ஒரு மாதிரி தீர்வும் கண்ட ஊர் சிங்கப்பூர். இன்று சிங்கப்பூர் ஆற்றங்கரையில் போட் கீ, கிளார்க் கீ என்ற இரண்டு இடங்களில் குடைகளுக்குக் கீழே மேசை போட்டுச் சாப்பிடும் கூட்டத்தைச் சுற்றுலாப் படங்களில் எல்லோரும் பார்த்திருப்போம். ('கீ' என்றால் படகுத்துறை.) அந்த மேசைகள் அங்கே வந்து சேர்ந்த கதை, பார்ப்பதற்கு இருக்கிற அளவு அழகான கதை இல்லை.

கதை 1822-ல் ஆரம்பிக்கிறது. அந்த வருட நவம்பரில் ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு எழுதிக் கொடுத்த உத்தரவுகளில் ஒன்று, ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் குறிப்பிட்ட ஆழத்துக்கு ஒரு தாழ்வாரம் விட வேண்டும், அது எப்போதும் திறந்திருக்க வேண்டும், வீதி முழுக்க கூரையுள்ள ஒரே நடைபாதையாக அது தொடர வேண்டும் என்பது. பூமத்திய ரேகைக்கு அருகில் இருக்கிற ஊர். ஒன்று வெயில் கொளுத்தும், இல்லாவிட்டால் மழை கொட்டும். இரண்டுக்கும் நடுவில் நனையாமல் காயாமல் நடக்க ஒரு வழி. இதைத்தான் மலாய்க்காரர்கள் 'காக்கி லீமா' என்றார்கள். நம்மவர்கள் 'அஞ்சடி' என்றார்கள். ஐந்து அடி அகலம் என்பதால் வந்த பெயர்.

நம் ஊர்த் திண்ணையோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். திண்ணை வீட்டுக்காரருடையது. வழிப்போக்கர் உட்காரலாம், படுக்கலாம், ஆனால் யாரும் அதன் மேல் நடந்து அடுத்த தெருவுக்குப் போக மாட்டார்கள். அஞ்சடி அப்படி இல்லை. நிலம் கடைக்காரருடையது, கூரையும் அவர் போட்டது, ஆனால் வழி ஊருக்குச் சொந்தம். இப்படி ஒரு இடத்தை உருவாக்கிவிட்டு, அங்கே யாரும் எதையும் வைக்காமல் இருப்பார்கள் என்று எதிர்பார்த்ததுதான் ஆச்சரியம்!

வைத்தார்கள். மளிகைக்காரர் மூட்டையை வைத்தார். முடிவெட்டுபவர் நாற்காலியை வைத்தார். கடிதம் எழுதிக் கொடுப்பவர், செருப்புத் தைப்பவர், பணம் மாற்றுபவர் என்று வரிசையாக வந்தார்கள். அடுப்பை வைத்துச் சமைத்து, முன்னால் நாலு முக்காலியும் போட்டவர்கள் உண்டு. நடக்க வேண்டியவர் சாக்கடைக்கு அந்தப் பக்கம் மாட்டு வண்டிகளோடு நடந்தார். 1888 பிப்ரவரியில் நகராட்சி, அஞ்சடிகளைக் காலி செய்தே தீருவது என்று இறங்கியது. கடைகள் அடைக்கப்பட்டன, கல்வீச்சு நடந்தது, சில நாட்கள் நகரமே ஸ்தம்பித்தது. வரலாற்றில் இதற்கு 'தாழ்வாரக் கலவரம்' என்றே பெயர். கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது: பொருளை வைத்துக்கொள், ஆனால் ஆள் நடக்க வழி விடு.

இந்த ஒரு வரிச் சமரசத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு வருடம் கழித்து ஆற்றங்கரை உணவகங்களுக்கு எழுதப்பட்ட விதியின் சாரமும் கிட்டத்தட்ட இதுதான்.

இந்த ஆற்றங்கரையில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. ஆரம்ப காலத்தில் கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கி ஆற்றுக்குள் கொண்டுவந்த படகுகளில் வேலை செய்தவர்கள் பெரும்பாலும் சூலியா என்று அழைக்கப்பட்ட தென்னிந்திய முஸ்லிம்கள்தான். போட் கீ பக்கத்தில் இன்றும் சூலியா தெரு என்று ஒன்று இருக்கிறது. பிறகு அந்தத் தொழில் சீனர்கள் கைக்குப் போனது. சற்றுத் தள்ளி மார்க்கெட் தெருவில் நகரத்தார்களின் கிட்டங்கிகள் இருந்தன. படகுக்காரர், மூட்டை தூக்குபவர், கணக்குப்பிள்ளை எல்லோருக்கும் பசிக்கும் அல்லவா? தெருவோரத்தில் சமைத்துப் போட்டவர்களில் சீனர், மலாய்க்காரர், தமிழ் முஸ்லிம்கள் என எல்லோரும் இருந்தார்கள். தேநீரை உயரத் தூக்கி ஆற்றிக் கொடுக்கும் 'சரபத்' கடைகள், மீ கோரிங் போடும் கடைகள் நம்மவர்களுடையவை. மலேசிய, சிங்கப்பூர்த் தமிழில் இந்த மாதிரிக் கடைக்கு அருமையான ஒரு சொல் உண்டு: ஒட்டுக்கடை. சுவரை ஒட்டி, மரத்தை ஒட்டி, எதையாவது ஒட்டிப் போடுகிற கடை!

தெருவில் சாப்பிடுவதன் உச்சம் என்று சிங்கப்பூர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்வது ஆர்ச்சர்ட் சாலைக் கார் நிறுத்துமிடத்தைத்தான். 1960-களின் பிற்பாதியிலிருந்து 1978 வரை அது நடந்தது. பகலில் கார்கள் நிற்கும். சாயங்காலம் கார்கள் கிளம்பியதும் தள்ளுவண்டிகள் உள்ளே வரும். விளக்கு எரியும், முக்காலிகள் விரியும், அரைமணி நேரத்தில் அதே தார்த்தரை ஒரு பெரிய திறந்தவெளிச் சாப்பாட்டுக் கூடம். எந்தக் கலைஞரும் வரைபடம் போடவில்லை. ஆனாலும் இன்றைக்குத் திறந்தவெளி உணவகம் வடிவமைப்பவர்கள் காசு கொடுத்து உண்டாக்கப் பார்க்கும் எல்லாம் அங்கே தானாக இருந்தது. சமையல் கண்ணெதிரே நடக்கும், வாசனையே விளம்பரப் பலகை. விளக்கு தலைக்கு மேல் தாழ்வாகத் தொங்கும், அதனால் முகங்கள் தெரியும், சுற்றியுள்ள இருட்டு தெரியாது. மேசைகள் நெருக்கமாக இருப்பதால் பத்து பேர் வந்தாலே கூட்டம் போலத் தெரியும். இல்லாமல் போனவை இரண்டு: குழாய்த் தண்ணீர், கழிவு போக வழி. அந்த இரண்டும்தான் அதற்கு எமனாக வந்தன.

எச்சில் தட்டைக் கழுவிய தண்ணீர் கடைசியில் எங்கே போகும்? ஆற்றுக்குத்தான். 1977 பிப்ரவரியில் பிரதமர் லீ குவான் இயூ, பத்து வருடத்தில் சிங்கப்பூர் ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று இலக்கு வைத்தார். பன்றிப் பண்ணைகள், வாத்துப் பண்ணைகள், கரையோரக் குடிசைகள், பட்டறைகள் எல்லாம் அகற்றப்பட்டன. சரக்குப் படகுகள் 1983-ல் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. ஆற்றுப் படுகைப் பகுதிகளிலிருந்து ஏறக்குறைய 5,000 தெரு வியாபாரிகள் கூரையும் குழாயும் உள்ள உணவங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டார்கள். 1987-ல் வேலை முடிந்தது. ஆறு சுத்தமானது. கரையும் வெறிச்சோடியது.

படகும் இல்லை, மூட்டையும் இல்லை, ஒட்டுக்கடையும் இல்லை. மிச்சம் இருந்தவை பழைய கடைவீடுகளும் கிடங்குகளும் மட்டுமே. 1989-ல் போட் கீ பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. கடைவீடுகள் புதுப்பிக்கப்பட்டு உணவகங்கள் வந்தன. அவை முதலில் கேட்டது என்ன தெரியுமா? வெளியே மேசை போட அனுமதி!

போட் கீயின் அமைப்பைக் கவனித்தால் ஒரு சாமர்த்தியம் தெரியும். நம் ஊரில் என்றால் கடைச் சுவரை ஒட்டி மேசையைப் போட்டு, மக்களை வெளிப்பக்கம் தள்ளுவோம். அங்கே தலைகீழ். மேசைகள் ஆற்றை ஒட்டிய விளிம்பில் இருக்கின்றன. கடைக்கும் மேசைக்கும் நடுவில் நடைபாதை. பரிமாறுபவர் ஒவ்வொரு முறையும் நடப்பவர்களைக் குறுக்கே தாண்டித்தான் தட்டைக் கொண்டுபோக வேண்டும். அவருக்குத் தொல்லைதான். ஆனால் சாப்பிடுபவருக்கு ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் போகிற வருகிற ஜனங்கள். நடப்பவருக்கும் பழைய அஞ்சடி, அதற்கு வெளியே திறந்த பாதை என்று இரண்டு வழி. இதில் ஒரு பக்கவிளைவும் உண்டு. நடப்பவர் இரண்டு பக்கமும் உணவகத்துக்கு நடுவில் மாட்டிக்கொள்வதால், மெனு அட்டையை நீட்டி வழி மறிக்கும் ஆட்களிடமிருந்து தப்ப முடியாது. போட் கீயைப் பற்றி வந்த புகார்களில் இதற்கு எப்போதும் தனி இடம்!

கிளார்க் கீயின் பிரச்சினை வேறு. 1873 முதல் 1875 வரை ஆளுநராக இருந்த ஆண்ட்ரூ கிளார்க்கின் பெயர் கொண்ட இந்தத் துறையில், பழைய கிடங்குகளைப் புதுப்பித்து, உள்தெருக்களில் வண்டி வராமல் செய்து, 1993-ல் கடைத்தெருவாகத் திறந்தார்கள். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மதியம் போனால் வெயில், மாலை போனால் மழை. திறந்த தெருவில் எவ்வளவு நல்ல நாற்காலி போட்டாலும் யார் உட்காருவார்கள்? ராஃபிள்ஸ் 1822-லேயே யோசித்த விஷயத்தை 1993-ல் மறந்துவிட்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதைச் சரி செய்ய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வில் ஆல்சோப் அழைக்கப்பட்டார். 2006-ல் முடிந்த அவருடைய வேலையில் மூன்று விஷயங்கள் முக்கியம். ஒன்று, உள்தெருக்களுக்கு மேலே, கிடங்குகளின் ஓட்டுக்கூரைகளைவிட உயரத்தில், ஒளி புகும் மெல்லிய பிளாஸ்டிக் படலத்தால் ஆன பெரிய குடைகள். மழை உள்ளே விழாது, வெயிலின் சூடு குறையும், ஆனால் பக்கங்கள் திறந்தே இருப்பதால் இது தெருதான், கட்டடம் அல்ல. இரண்டு, பெரிய விசிறிகள் வைத்துக் காற்றை மெதுவாக நகர்த்துவது. முழுக்க ஏ.சி. போடுவதைவிட இதற்குச் செலவு மிகக் குறைவு. மூன்று, ஆற்றுப் பக்கம் தண்ணீர் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் வட்ட மேடைகள். அல்லி இலை என்று இவற்றுக்குப் பெயர். மேசைகளை அங்கே நகர்த்திவிட்டதால் கரையில் நடக்கும் இடம் குறையவில்லை. கலர் விளக்கும் மிட்டாய் நிறங்களும் கொஞ்சம் திருவிழாக் கடை மாதிரி இருக்கிறது, பழைய கிடங்குகளுக்குப் பொருந்தவில்லை என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆட்கள் உட்கார்ந்தார்கள்.

குளிர் நாடுகளில் பிரச்சினை நேர் எதிரானது. கோபன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் என்ற தெருவை 1962 நவம்பரில் நடப்பவர்களுக்கு மட்டும் என்று ஆக்கியபோது, தெருவில் உட்கார்ந்து காபி குடிப்பதெல்லாம் இத்தாலிக்காரர்களுக்குத்தான் சரி, இந்தக் குளிரில் நடக்காது என்ற பேச்சு பலமாக இருந்தது. அங்கே வெயிலைத் தேடி நாற்காலியைத் திருப்பிப் போடுகிறார்கள், இங்கே நிழலைத் தேடி. ஆகவே ஐரோப்பியத் தெருவின் படத்தைப் பார்த்து அப்படியே நகலெடுப்பது நம் பக்கம் உதவாது.

இப்போது ஒரு சங்கடமான கேள்வி. 1970-களில் தெருவில் முக்காலி போட்டவர் 'இடைஞ்சல்'. 1990-களில் அதே ஆற்றங்கரையில் மேசை போட்டவர் 'ஈர்ப்பு'. வித்தியாசம் என்ன? குழாய்த் தண்ணீரும் வடிகாலும் என்பது ஒரு பதில், அது உண்மையும்கூட. வாடகை என்பது இன்னொரு பதில். ஆற்றங்கரை உணவகத்தில் ஒரு வேளை சாப்பிடுகிற காசில் உணவங்காடி நிலையத்தில் பல வேளை சாப்பிடலாம். ஆனால் சிங்கப்பூரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். தெருவிலிருந்து எழுப்பியவர்களுக்கு முதலில் மாற்று இடம் கட்டிக் கொடுத்தார்கள். அந்த இடங்கள் சாகவில்லை. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது குடை போட்ட ஆற்றங்கரையை அல்ல, அந்த உணவங்காடிப் பண்பாட்டைத்தான்.

நம்மிடம் இதற்குப் பக்கத்தில் வரும் கதை தி.நகர் பாண்டி பஜார். தியாகராய சாலையின் நடைபாதைக் கடைகள் 2013-ல் மாநகராட்சி கட்டிய பல மாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டன. பிளாட்பாரத்தில் போகிற போக்கில் வாங்குபவர் மாடி ஏறி வருவாரா என்பதே அந்த வியாபாரிகளின் கவலை. பிறகு 2019 நவம்பர் 13 அன்று, அகலமான நடைபாதைகளோடு நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. வண்டிகள் முழுக்க நிறுத்தப்படவில்லை, அவற்றுக்கான இடம் குறைக்கப்பட்டது. எளாவூரிலிருந்து மின்சார ரயில் ஏறி சென்ட்ரல் வந்து, துணி எடுக்க தி.நகர் போகிற குடும்பங்களுக்கு அந்த அகலம் ஒரு நிம்மதி. கையில் பைகளோடு உட்கார இருக்கைகளும் உண்டு.

ஆனால் மே மாதச் சென்னையில் பகல் வெப்பம் 37 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். இருக்கையின் மேல் மர நிழல் விழுகிறதா என்பதைப் பொறுத்தே மதியம் அதில் ஆள் இருப்பதும் இல்லாததும். அங்கே சாப்பாட்டு மேசைகள் வர வேண்டுமென்றால் முதலில் தீர்மானிக்க வேண்டியது குடையின் நிறம் அல்ல. எத்தனை அடி நடப்பவருக்கு, கழுவிய தண்ணீர் எந்தக் குழாயில் போகும், மேசை போடும் உரிமை பெரிய ஓட்டலுக்கு மட்டுமா, இல்லை 2014-ன் தெரு வியாபாரிகள் சட்டப்படி அடையாள அட்டை வாங்கிய இட்லிக் கடைக்காரருக்கும் உண்டா என்பவைதான். மேலே சொன்ன 1888 சமரசத்தில் முதல் கேள்விக்கு மட்டும் பதில் இருக்கிறது.