சைக்கிளுக்கு வழிகாட்டிய பலகைகள்

நெதர்லாந்தில் சைக்கிள் ஓட்டிகள் 1883-ல் தொடங்கிய சங்கமே பின்னாளில் ஏ.என்.டபிள்யூ.பி. என்று பெயர் பெற்றது. 1894-ல் இந்தச் சங்கம் சாலைகளில் வழிகாட்டிப் பலகைகளை நடத் தொடங்கியது. 1919-ல் காட்டுப் பாதைகளில் காளான் வடிவக் குட்டை வழிகாட்டிக் கற்கள் வந்தன. சைக்கிளில் இருந்தபடியே குனிந்து அவற்றைப் படிக்கலாம்.

வேலைக்குச் செல்வோர் சைக்கிளில் வந்து ரயில் நிலையங்களில் குவிந்தபோது சிக்கல் மாறியது: வழியைவிட, வண்டி நிறுத்த இடம் தேடுவதே பெரும்பாடானது. உட்ரெக்ட் நகர ரயில் நிலையத்தில் 2017-ல் திறக்கத் தொடங்கி 2019-ல் முழுமையடைந்த மூன்றடுக்கு நிறுத்தத்தில் 12,500 சைக்கிள்கள் நிற்கும். இறங்காமலே உள்ளே ஓட்டிச் செல்லலாம். எந்த வரிசையில் எத்தனை இடம் காலி என்பதை மின்பலகைகள் காட்டுகின்றன. அவசரத்தில் இருப்பவருக்கு அம்புக்குறியைவிட அந்த எண்ணே உதவும்.